சபையில் ஒரு சாட்சி

எங்களுக்காக ஜெபித்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். வாய் சொல்கிறது, வயிறு கேட்பதில்லை. ஆகையால் இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். கோபம் பிடிக்காதவர்கள் வேறு ஏதாவது படிக்கலாம்.

என் கணவர் ஊழியக்காரர். எழுவான்கரையில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் இருக்கிற ஒரு சபை எங்களைப் படுவான்கரைக்கு மிஷனரிகளாக அனுப்பியது. வாவிக்கு அந்தப் பக்கம், பழுகாமம் தாண்டி வயலுக்குள் போகும் கிரவல் பாதையில் ஒரு கிராமம். சபை வாசலில் இருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலம். ஆனால் எங்களை வழியனுப்பிய ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அழுத அழுகையைப் பார்த்திருந்தால், எங்களைக் கப்பலேற்றி ஆபிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள் என்று நினைத்திருப்பீர்கள். நானும் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அழும்போது சும்மா நிற்க முடியவில்லை.

சூரியன் எழுகிற கரை எழுவான்கரை, படுகிற கரை படுவான்கரை. மட்டக்களப்பில் பிறந்த எவருக்கும் இது தெரியும். எங்கள் சபைக்கு மட்டும் அந்தப் பெயர் வேறு மாதிரிக் கேட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் உபவாச ஜெபத்தில் "இருள் சூழ்ந்த படுவான்கரையை நினைத்தருளும் ஆண்டவரே" என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். கத்துகிறவர்களில் பாதிப்பேர் அங்கே வயல் வைத்திருந்தார்கள், வருடத்துக்கு இரண்டு தடவை போய் நெல் ஏற்றி வந்தார்கள். நெல் ஏற்றும்போது இருட்டு அவர்களுக்குத் தடையாக இருக்கவில்லை. வாவிக்கு மேலால் சூரியன் எழும்புவதை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமென்றால் அந்தக் கரையில்தான் நிற்க வேண்டும். மூன்று வருடம் நின்று பார்த்தவள் சொல்கிறேன்.

எங்களைத் தாங்குவதற்குச் சபையிடம் இரண்டு வழி இருந்தது, காணிக்கையும் ஜெபமும். காணிக்கையில் எங்கள் கைக்கு ஒழுங்காக வந்தது பிடியரிசி. ஒவ்வொரு வீட்டுக் குசினியிலும் ஒரு தகர ரின் இருக்கும். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்து ரின்னுக்குள் போட்டு, ஊழியக்காரருக்காக இரண்டு வசனம் ஜெபிக்க வேண்டும். மாத முடிவில் எல்லா ரின்களையும் ஒரே சாக்கில் கொட்டி எங்களுக்கு அனுப்புவார்கள். கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. சமைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் சிவப்புப் பச்சை, ஒரு வீட்டில் வெள்ளை நாடு, ஒரு வீட்டில் சம்பா, இன்னொரு வீட்டில் கோழிக்கு வாங்கிய குறுணல். ஒன்று குழைந்து கஞ்சியாகும்போது மற்றது பல்லில் கடிபடும். முதல் இரண்டு மாதம் சுளகை வைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தேன், கண்தான் நொந்தது. பிறகு எல்லாவற்றையும் ஊறப்போட்டு இடித்து மாவாக்கினேன். மூன்று வருடம் பிட்டுத் தின்றோம்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. நான் அந்தச் சபையில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வீட்டு ரின்னில் அரிசி போடுவது என் வேலையாக இருந்தது. அரிசியில் புழு விழுந்தால் "அத ரின்னுக்குள்ள போடு" என்பாள் அம்மா. நானும் கண்ணை மூடி, ஊழியக்காரரை ஆசீர்வதியும் என்று சொல்லிவிட்டுப் புழுவோடு போட்டிருக்கிறேன். அந்தக் காலத்து ஊழியக்காரரின் மனைவி எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. தெரிந்தால் போய்க் காலில் விழுவேன்.

ஜெபம் அரிசியை விட மோசம். எங்கள் இருவரின் படத்தையும் போட்டு ஒரு ஜெப அட்டை அச்சடித்து, பிளாஸ்டிக் உறையிட்டு, வீட்டுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். படத்தின் கீழே ஜெபக் குறிப்புகள். ஆத்தும அறுவடை, பைக்குக்குப் பாதுகாப்பு, எதிர்ப்புகள் நீங்க, நாலாவதாக "ஊழியரின் மனைவிக்குக் கர்ப்பத்தின் கனி." இதை நான் யாரிடமும் கேட்கவில்லை. என்னிடமும் யாரும் கேட்கவில்லை. ஒருநாள் சபையார் ஒருவர் வீட்டில் தண்ணீர் எடுக்கப் போனேன். பிரிட்ஜ் கதவில், ஒரு காந்தத்தின் கீழே நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டு நின்றோம். அந்த வீட்டு மருமகன் என்னைத் தாண்டி வந்து கதவைத் திறந்து பால் எடுத்துக்கொண்டு போனார். அவர் தேநீர் குடிக்கிற ஒவ்வொரு தடவையும் என் வயிற்றைப் பற்றிப் படித்திருக்கிறார். தண்ணீர் குடிக்காமலே வந்துவிட்டேன்.

இத்தனைக்கும் பொறுப்பு மிஷனரிக் குழுவின் தலைவி. ஓய்வுபெற்ற பாடசாலை உப அதிபர், கணவனை இழந்தவர், பிள்ளைகள் கனடாவில். சபை முழுக்க அவரை அன்ரி என்றுதான் கூப்பிடும். கெட்ட மனுசி என்று சொல்லமாட்டேன், சொல்ல ஆசைதான். வருத்தக்காரரைப் போய்ப் பார்ப்பார், செத்த வீட்டில் முதல் ஆளாய் நிற்பார். ஆனால் மாதா மாதம் நாங்கள் அனுப்பும் ஜெபக் கடிதத்தைச் சோதனைத் தாள் மாதிரித் திருத்துவார். கடிதம் எழுதுவது நான். என் கணவர் கிரானில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். வயல்வட்டையில் வரம்பில் குந்தியிருந்து தண்ணீர் முறை, பசளை, பூச்சி என்று பின்னேரம் வரை கதைப்பார். எழுதச் சொன்னால் பேனையைப் பார்த்துக்கொண்டே இருப்பார்.

என்னத்தை எழுதுவது? ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மண்டபத்தில் மூன்று குடும்பம் கூடியது, மூன்றும் வேறு ஊரிலிருந்து அங்கே வேலைக்கு வந்த, ஏற்கெனவே வேதத்தில் இருந்த எங்கள் ஆட்கள். பின்னேரத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தோம். ஊர் எங்களை நன்றாக வைத்திருந்தது, ஆனால் ஒருவரும் மதம் மாறவில்லை. உள்ளதை உள்ளபடி நான் எழுதினேன். அன்ரி தொலைபேசி எடுத்தார்.

"மகள், கடிதத்தில ஒண்டும் இல்லையே. பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கவா சபை உங்கள அனுப்பின? சனம் எதைச் சொல்லி ஜெபிக்கிற?"

"நடந்ததத்தான் எழுதினேன் அன்ரி."

"நடக்கிறதுக்குத்தானே நாங்க முழங்கால்ல நிக்கிறம். மூணாம் வருசம் முடியப் போகுது. மிஷனரி ஞாயிறு அண்டைக்குக் குழு கூடி, உங்களத் தொடர்ந்து தாங்குறதா இல்லையா எண்டு முடிவெடுக்கும். நான் வெளிப்படையாச் சொல்றன், ஒரு ஆத்துமாவாவது காட்டோணும்."

அதுதான் எங்கள் கழுத்தில் இருந்த கயிறு. சபை கைவிட்டால் வீட்டு வாடகை இல்லை, பைக் இல்லை. கிரானில் என் கணவரின் அண்ணன் வீட்டில் ஓர் அறைக்குள் போய் ஒதுங்க வேண்டும். எனக்கு அந்தக் கிராமத்தை விட்டுப் போக மனமில்லை. ஏனென்று கேட்டால் ஊழியம் என்று சொல்லமாட்டேன். அங்கே ஒருவரும் என் வயிற்றுக்காக ஜெபிக்கவில்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

பக்கத்து வளவில் ஓர் அக்கா இருந்தாள். என்னை விடப் பத்து வயது மூத்தவள். கணவனோடு சேர்ந்து வயல் செய்தாள். என்னைத் தங்கச்சி என்பாள், என் கணவரைப் பாதர் தம்பி என்பாள். பாதர் என்றால் கலியாணம் முடிக்காதவர் என்று நான் விளக்கப் போனேன். "முடிச்ச பாதர்தான் நல்லம் தங்கச்சி, ஊர்ப் பொம்புளையளுக்குப் பயமில்ல" என்று சிரித்தாள். தேங்காய்ப் பாதி கேட்டு வருவாள், கீரை கொண்டு வருவாள். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட, ஏன் இன்னும் பிள்ளையில்லை என்று கேட்கவில்லை. எங்கள் சாமியைப் பற்றியும் கேட்கவில்லை. அவளுக்குக் கண்ணகை அம்மன் இருந்தாள், அதற்கு மேல் ஒரு தேவையும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு காலைப்பொழுதில் அவளுடைய கணவரை வட்டையில் புடையன் பாம்பு கடித்தது. அவள் அலறிய சத்தத்தில் என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடினார். பைக்கில் நடுவில் அந்த மனிதரை வைத்து, பின்னால் அவள் பிடித்துக்கொள்ள, பட்டிருப்புப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். ஆள் பிழைத்தார். கால் மட்டும் கொஞ்சம் இழுக்கும்.

அந்த மாதக் கடிதத்தில் நான் பொய் எழுதினேன். "அயலவரான ஒரு சகோதரரைக் கொடிய விஷப்பாம்பு தீண்டியது. நாங்கள் முழங்காலில் நின்றோம். கர்த்தர் விஷத்தை முறித்தார். அவருடைய மனைவி இப்போது ஆண்டவரைத் தேடுகிறார்." எழுதி முடித்து என் கணவரிடம் நீட்டினேன்.

"நாம எப்ப முழங்கால் போட்டம்?" என்று கேட்டார்.

"வந்த பிறகு பைக் கழுவினீங்கதானே, முழங்கால்லதானே நிண்டீங்க?"

அவர் சிரிக்கவில்லை. அக்காவும் ஆண்டவரைத் தேடுகிறாளா என்று கேட்டார். தேங்காய்த் துருவலையைத் தேடி வந்தாள் என்றேன். பிறகு அவர் தன் கையாலேயே அதைப் படம் எடுத்து அன்ரிக்கு அனுப்பினார். அவருக்கும் அந்த ஊரை விட்டுப் போக மனமில்லை.

சபை வட்ஸ்அப் குழுவில் கும்பிடும் கைகள் வரிசை வரிசையாக வந்தன. அன்ரி குரல் பதிவு அனுப்பினார். அந்தக் காலை தனக்கு இனந்தெரியாத ஒரு பாரம் வந்ததாம், சமையலை நிறுத்திவிட்டு ஜெபித்தாராம், ஏனென்று இப்போதுதான் விளங்குகிறதாம். இன்னும் மூன்று பேருக்கும் அதே காலை அதே பாரம் வந்திருந்தது. என் பொய் ஒன்றுதான், அவர்கள் அதை நாலாக்கிவிட்டார்கள். அடுத்த நாளே அன்ரி அழைத்தார். மிஷனரி ஞாயிறு அன்று அந்தச் சகோதரியைக் கூட்டி வந்து சபையில் சாட்சி சொல்ல வைக்க வேண்டும்.

எங்கள் ஆட்களின் பேச்சு தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சபையில் சாட்சி சொல்வதென்றால், ஆண்டவர் தன்னை எப்படித் தொட்டார், தான் எப்படி மனந்திரும்பினேன் என்று எல்லோர் முன்னாலும் எழுந்து சொல்வது. பிறந்ததிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருப்பதே மறந்துபோயிருந்தது. போய் அக்காவிடம் கேட்டேன். அவள் முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வாற ஞாயிறு எங்கட சபையில நீங்க ஒரு சாட்சி சொல்லோணும். வருவீங்களா?"

சுளகைக் கீழே வைத்துவிட்டாள். "சாட்சியா? என்ன நடந்த தங்கச்சி? ஆர் உங்களில முறைப்பாடு வெச்ச?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. படுவான்கரையில் சபை என்றால் மத்தியஸ்த சபை. காணிச் சண்டை, மாடு பயிரைத் தின்ற சண்டையெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பாடசாலையில் கூடித் தீர்க்கிற சபை. அவளே மாட்டு வழக்கு ஒன்றில் அங்கே போய்ச் சாட்சி சொன்னவள்.

"முறைப்பாடு எண்டில்ல அக்கா. எங்கள அனுப்பினவங்க, இஞ்ச தொடர்ந்து வெச்சிருக்கிறதா, எடுக்கிறதா எண்டு முடிவெடுக்கப் போறாங்க."

"விசாரணை," என்றாள்.

இல்லை அக்கா, நீங்கள் நினைப்பது வேறு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவள் வரமாட்டாள், வராவிட்டால் நாங்கள் ஊரில் இருக்கமாட்டோம். வாயை மூடிக்கொண்டேன். பேசாமல் இருந்ததுதான் நான் அவளுக்குச் செய்த துரோகம், அதற்கு அன்ரியைக் குற்றம் சொல்ல முடியாது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வைகாசியில எங்கட அம்மன்ட சடங்கு. இந்த முறை நெல்லுக் குத்துறதுக்கு என்னையும் எடுத்திருக்கு. அதுக்குள்ள வேதக்கோயில் வாசல் மிதிச்சா வண்ணக்கர் ஏதும் சொல்லுவாரோ தெரியா." வண்ணக்கர் என்றால் அவர்கள் கோயிலை நிர்வகிப்பவர். பிறகு தானே பதிலும் சொன்னாள். "பரவால்ல. சாட்சி சொல்லத்தானே போறன், கும்பிடப் போறல்லையே. பாதர் தம்பி எங்கட ஆளத் தூக்கிக்கொண்டு ஓடேக்க வண்ணக்கரக் கேட்டுக்கொண்டா ஓடின?"

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனவே என் கணவர் பைக்கில் முன்னால் போய்விட்டார். நானும் அக்காவும் பஸ்ஸில் போனோம். கரை வைத்த பருத்திச் சேலை கட்டியிருந்தாள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. உள்ளே அடையாள அட்டையும் ஆஸ்பத்திரியில் கொடுத்த துண்டுச் சீட்டும். ஆதாரம் இல்லாமல் போனால் எடுபடாது என்றாள். நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

சபை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தது அவள் ஒருத்திதான். உள்ளே போனதும், முன்வரிசைக் கதிரைகளில் இருந்த மிஷனரிக் குழுவைப் பார்த்து, "இவங்கதானா உங்கட வண்ணக்கர்மார்?" என்று காதுக்குள் கேட்டாள். ஓம் என்றேன். பொய் இல்லை அது.

பாடினார்கள், கை தட்டினார்கள், படுவான்கரையின் கட்டுகள் அறுந்து விழ வேண்டுமென்று கத்தினார்கள். அவள் கையைக் கட்டிக்கொண்டு, தன் வழக்கு எப்போது கூப்பிடப்படும் என்று காத்திருக்கிற ஆளைப்போல இருந்தாள். பிறகு அன்ரி மைக்கைப் பிடித்தார். பாம்பு, முழங்கால், பாரம் எல்லாவற்றையும் சொன்னார். நல்லகாலம், அவர் பேசிய வேதாகமத் தமிழில் பாதி அவளுக்குப் பிடிபடவில்லை. "இருளிலிருந்து ஒளிக்கு வந்த நம் சகோதரி இப்போது சாட்சி சொல்வார்."

சாட்சி என்ற சொல் கேட்டதும் எழும்பினாள். முன்னால் போய் மைக்கை வாங்கி, மற்றக் கையை நெஞ்சில் வைத்தாள்.

"கண்ணகை அம்மாள் ஆணையாச் சொல்றன், இதில ஒரு சொல்லும் பொய்யில்ல."

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"பாதர் தம்பியும் தங்கச்சியும் எங்கட ஊருக்கு வந்து மூணு வருசம். ஒராளையும் ஏமாத்தினதில்ல. ஒருத்தர்ர சாமியையும் இழிவாக் கதைச்சதில்ல. என்னை வேதத்துக்கு மாறு எண்டு ஒரு நாளும் கேக்கல்ல. கேட்டதெண்டு ஆரும் உங்களுக்குச் சொல்லியிருந்தா அது பச்சப் பொய். எங்கட ஆளுக்குப் புடையன் கடிச்ச அண்டைக்கு இவர் ஒரு நிமிசம் மெனக்கெடல்ல. மந்திரமும் இல்ல, செபமும் இல்ல. பைக்க உதைச்சார், போனம். பாலத்தில மாடு மறிச்சிட்டு. மாட்டுக்காரனுக்குத் தூசணத்தால ஏசினார். ஓம், ஏசினதுதான், நான் மறைக்கல்ல. உசிரக் காப்பாத்தத்தான் ஏசினார். இன்னும் அரை மணித்தியாலம் பிந்தினா ஆள் இல்லையெண்டு டொக்டர் சொன்ன. இந்தா துண்டு, பாருங்க."

துண்டை உயர்த்திக் காட்டினாள். முன்வரிசையில் இருந்த ஒருவர் தன்னையறியாமல் கையை நீட்டி அதை வாங்கிப் பார்த்தார்.

"இவங்கள எடுத்துப்போடாதீங்க ஐயாமாரே. இவங்க போனா மறுகா எங்களுக்கு ஆபத்தெண்டா ஆரு இரிக்கா? எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

எனக்குள் அப்போது ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். முதலில் பூமி பிளந்து என்னை விழுங்கட்டும் என்றிருந்தது. அடுத்த நிமிடம் சந்தோசமாக இருந்தது, கெட்ட சந்தோசம். நான் பிறந்த நாளிலிருந்து அந்த மேடையில் கேட்ட சாட்சிகளில் இது ஒன்றுதான் சாட்சி. அன்ரியின் முகம் கறுத்துப் போனதைக் கண்குளிரப் பார்த்தேன்.

அன்ரி மைக்கைத் திரும்ப வாங்கி, "ஸ்தோத்திரம்" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லோரும் இந்தச் சகோதரிக்கு நேராகக் கைகளை உயர்த்துவோம். ஆண்டவர் அவருடைய கண்களைத் திறக்கும்படி ஜெபிப்போம்." முழுச் சபையும் கையைத் தூக்கியது. ஒரே நேரத்தில் நூறு வாய் கத்தியது. நடுவில் அவள் துண்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தூக்கிய கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எல்லோருக்கும் தலையாட்டினாள்.

ஆராதனை முடிய அன்ரி எங்கள் இருவரையும் சபைக்குப் பின்னால், தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே கூப்பிட்டார். குழு அங்கேயே நின்றது.

"நீ எழுதினது பொய்தானே மகள்?"

"ஓம் அன்ரி. நீங்க கேட்டதத்தான் எழுதினேன்."

"நான் பொய்யா கேட்டன்?"

"உண்மைய மூணு வருசம் எழுதினேன். அது காணாதெண்டு சொன்னது நீங்கதான்."

அவருக்குக் கண் கலங்கியது. அதைப் பார்த்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. தோளைத் திருப்பிக்கொண்டு என் கணவரிடம் சொன்னார். "இந்த மாதத்தோட சரி தம்பி. பைக் சபைட சொத்து, இண்டைக்கே விட்டுட்டுப் போங்க. நாங்க உங்களுக்காகத் தொடர்ந்து ஜெபிப்பம்."

"வேணாம் அன்ரி," என்றேன். "ஜெபிக்காதீங்க. தயவுசெய்து எங்களுக்காக இனி ஜெபிக்காதீங்க."

என் கணவர் பைக்கின் திறப்பை எடுத்து அன்ரியின் கையில் வைத்தார். நான் இன்னொரு வேலையும் வைத்திருந்தேன். அக்கா மைக்கோடு நின்றதை ஒருவர் தொலைபேசியில் படம் எடுத்திருந்தார். அது வட்ஸ்அப்பில் ஏறினால் வைகாசிக்கு முன் ஊருக்குப் போய்விடும். அந்த ஆளைத் தேடிப் பிடித்து, என் கண் முன்னாலேயே அழிக்க வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன். மூன்று வருட ஊழியத்தில் நான் உருப்படியாகச் செய்தது அது ஒன்று.

அக்கா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். மூன்று பேரும் பஸ்ஸுக்கு நடந்தோம்.

"பைக் எங்க?"

"சபையில வெச்சிட்டாங்க," என்றார் என் கணவர்.

"பிணைக்கா?"

அவர் என்னைப் பார்த்தார். ஓம் அக்கா, பிணைக்குத்தான் என்று நான் சொன்னேன்.

பஸ் பாலத்தில் ஏறியபோது அக்கா களைத்துப் போயிருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. பிறகு என் பக்கம் சாய்ந்தாள். "நான் பாத்தன் தங்கச்சி. ஒராள் மிச்சமில்லாம எல்லாரும் கை தூக்கிட்டாங்க. அந்தத் தலைவியும் தூக்கின. எங்கட மத்தியஸ்த சபையில இப்பிடி ஒரு நாளும் நடந்ததில்ல." உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டாள். "அப்ப உங்கள விட்டுட்டாங்கதானே?"

"ஓம் அக்கா," என்றேன். "விட்டுட்டாங்க."

கிரவல் பாதைச் சந்தியில் அவளுடைய கணவர் எங்களுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். பஸ் நிற்கும் முன்னாலேயே அவள் யன்னலால் தலையை நீட்டி, "விட்டுட்டாங்க, பாதர் தம்பிய விட்டுட்டாங்க!" என்று கத்தினாள். அந்த மனிதர் காலை இழுத்து இழுத்து, சிரித்துக்கொண்டு ஓடிவந்து என் கணவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளை விடுவித்துக்கொள்ளத் தெரியாமல் என் கணவர் வீதியோரத்தில் அப்படியே நின்றார்.